தம்பி அனுப்புன விருந்தாளிக

சேசு மரி சூசை

தங்கச்சிமடம்
6.10.2025

அன்புள்ள தம்பி ரூபஸுக்கு,

அக்கா ஜோதிமேரி ஆசையா எழுதிக்கிறது. நானும் உன் மச்சானும் நல்லாத்தான் இருக்கோம். மச்சானோட முட்டி வலியும் எங்க கூடவே குடித்தனம் பண்ணுது. நீ, ஆஸ்லின், பாப்பா மூணு பேரும் சுகமா இருக்கணும்னு தினமும் மாதாகிட்ட கேக்குறேன்.

போன் இருக்கையில எதுக்குக் கடுதாசின்னு நினைப்பே. போன்ல நான் ஒரு சங்கதிய எடுத்து அதோட மூக்கு தெரியறதுக்குள்ள "சரிக்கா, மீட்டிங் இருக்கு"ன்னு வச்சிருறே. கடுதாசிய வைக்க முடியாது பாரு, முழுசாப் படிச்சுத்தான் ஆகணும். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்குனவ இல்ல. கோயில்ல மறைக்கல்வி சொல்லிக்குடுத்தப்ப புடிச்ச எழுத்துதான். பிழை கிடந்தா தள்ளிட்டுப் படி. நீயும் பதில் கடுதாசியாப் போடு, அத வச்சு வச்சு நாலு தடவ படிப்பேன்.

நீ அனுப்புன குடும்பம் சனிக்கிழமை வந்து சேந்துச்சு. லீவு நேரத்துல ராமேஸ்வரத்து லாட்ஜுக்காரவுக யானை விலை கேக்குறாக, என் கூட்டாளி குடும்பம் நம்ம மாடி ரூம்ல தங்கிக்கிட்டா அவுகளுக்குச் செலவு மிச்சம்னு சொன்னியே, அவுகதான். புருசன், பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைக, ஒரு மாமியா. மாடி ரூமு நீ லீவுக்கு வந்தா இருக்கணும்னு நானும் மச்சானும் ஆசைப்பட்டுக் கட்டுன ரூமு. கட்டுன நாள்ல இருந்து நீ அதுல படுத்த ராத்திரி கொஞ்சந்தான். நான் ஞாயித்துக்கிழமை தவறாம கூட்டிப் பெருக்கி, மெத்தைய வெயில்ல போட்டு எடுத்து வைக்கிறேன். யாராச்சும் படுக்கட்டும், தம்பி கூட்டாளியும் தம்பி மாதிரிதானேன்னு திறந்துவிட்டேன்.

வந்த அன்னைக்குப் பெரிய கூத்து. உன் மச்சான் விடிய கரை ஏறையில விளமீன் நல்லதாக் கிடைச்சுச்சு. விக்காதீக, தம்பி கூட்டாளிக்குன்னு வாங்கிக் குழம்பு கொதிக்க வச்சு, நண்டும் வறுத்து வச்சேன். அந்த மாமியா படி ஏறுனதும் மூக்கப் பொத்துச்சு. அவுக சைவமாம்! கோயிலுக்கு விரதம் வேறயாம்! எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நம்ம வீட்டுச் சட்டியில எது மீன் படாத சட்டி? பக்கத்து வீட்டு இராமலட்சுமிகிட்ட ஓடி, அது வீட்டுச் சட்டி, அது வீட்டுக் கரண்டி, அது வீட்டுப் பருப்பு எல்லாம் வாங்கியாந்து சாம்பார் வச்சேன். இராமலட்சுமி "அரிசி மட்டும் உன்னுதாக்கும்"னு சிரிச்சுச்சு. நண்ட மச்சான் ஒத்தையா உக்காந்து தின்னாரு. அவருக்கு மட்டும் அன்னைக்குத் திருவிழா.

அந்தப் புருசன்காரரு சிக்கனத்துல கெட்டிக்காரரு. டூரு போனா எப்படி மிச்சம் பண்ணணும்னு உன் மச்சானுக்குப் பாடமே நடத்துனாரு. "காலை டிபன் ப்ரீயா இருக்க இடமாப் பாத்துத் தங்கணும் சார். அதுலயே மதியத்துக்கும் கட்டிக்கணும். தண்ணி வெளிய வாங்கவே கூடாது." சொன்னபடி நான் அவிச்ச இட்லிய டப்பா டப்பாவாக் கட்டி, நம்ம பானைத் தண்ணிய பாட்டிலு பாட்டிலா ரொப்பிக்கிட்டு தனுஷ்கோடி போனாக. மச்சான் எங்கிட்ட வந்து, "மிச்சம் பண்ணணும்னா நம்ம மாதிரி வீட்டுலயே கிடந்தாப் போதுமே, இதுக்கு எதுக்கு ரயிலேறணும்?"னு கேட்டாரு. நான் வாய மூடச் சொன்னேன்.

ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல. "என் தம்பி எப்படி இருக்கான், மெலிஞ்சுட்டானா?"ன்னு கேட்டேன். அவரு முழிச்சாரு. "யாரும்மா?" "ரூபஸு!" "ஓ, ஹோஸ்ட் ரூபஸா? மெசேஜ்ல நல்லாப் பேசுவாரு"ன்னாரு. ஹோஸ்ட்டுன்னா ஆபீஸ்ல பெரிய உத்தியோகமாலே? இந்த அக்காட்ட ஒரு வார்த்த சொல்லலியே!

கிறிஸ்துமஸுக்காச்சும் நீ வரணும். உன் ரூமுல நீ படுக்கணும்.

உன் அக்கா
ஜோதிமேரி


சென்னை
15.10.2025

அன்பு அக்காவுக்கு,

ரூபஸ் எழுதுவது. கடிதம் கிடைத்தது. நீ பட்ட பாட்டைப் படித்து நானும் ஆஸ்லினும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தக் குடும்பத்துக்கு ரொம்ப சந்தோஷம். உன்னைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொன்னார்கள்.

இன்னும் நாலைந்து குடும்பங்கள் கேட்கிறார்கள் அக்கா. எல்லாம் எங்களை மாதிரி மாதச் சம்பளக்காரர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால் ரூம் வாடகையிலேயே பாதிக் காசு கரைந்துவிடுகிறது. நம்மால் ஆன உதவி. சைவமா அசைவமா என்று இனிமேல் நான் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சோப்பும் துண்டும் புதுசாக வாங்கி வை.

அவர்களிடம் என்னைப் பற்றி ரொம்ப விசாரிக்காதே. பல பேர் கூட்டாளிக்குக் கூட்டாளி, என்னை நேரில் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். ஹோஸ்ட் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு.

கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டிருக்கிறேன். மச்சானைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தம்பி
ரூபஸ்


சேசு மரி சூசை

தங்கச்சிமடம்
30.12.2025

அன்புள்ள தம்பி ரூபஸுக்கு,

பாலன் பொறந்த நாளுக்கு நீ வருவேன்னு வாசல்ல நட்சத்திரத்த ஒசரமாக் கட்டி வச்சேன். நீ வரல, உன் கூட்டாளி குடும்பம்தான் வந்துச்சு. சரி, லீவு தரலன்னா நீ என்ன பண்ணுவே. பாப்பாவுக்கு எடுத்த கவுனு பொட்டியில இருக்கு. வளத்தியாயிட்டான்னா பத்தாமப் போயிரும், அதுதான் கவலை.

இந்தக் கூட்டாளிக நல்ல சனங்க. பூசைக்கு எங்க கூடவே வந்தாக. இந்துக்கதான், இருந்தாலும் கடைசி வரைக்கும் உக்காந்து குடில் எல்லாம் பாத்தாக. திரும்பி வர்ற வழியில பொண்டாட்டிக்காரி புதுப் பாலத்தப் பத்திக் கேட்டுச்சு. உன் மச்சான் புடிச்சுக்கிட்டாரு. பழைய பாலத்துல ரயிலு எப்படி நடுங்கும், புயலடிச்சா எப்படி நிப்பாட்டுவாக, கீழ கப்பலு போக எப்படித் திறப்பாக, தூண்டில் போடுறவுக எங்கன நிப்பாகன்னு வீடு வந்து சேர்ற வரைக்கும் பாலத்துமேலயே நின்னுட்டாரு. அது பாவம், கொட்டாவி விட்டுக்கிட்டே "அப்படியா அண்ணே, அப்படியா அண்ணே"ன்னு கேட்டுச்சு.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வாரேன். உன் கூட்டாளிக எல்லாம் ஏன்டா இப்படி மறதிக்காரவுகளா இருக்காக? போன மாசம் வந்தவுக போனப்புறம் மெத்தைய உதறுறேன், தலகாணிக்கு அடியில ஐநூறு ரூவா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம வீட்டுல தங்கிக் காச விட்டுட்டுப் போனாகன்னா நாளைக்கு என்ன நினைப்பாக? மச்சான் சாப்புட்டுக்கிட்டு இருந்த கையோட வண்டியப் போட்டு ராமேஸ்வரம் டேசனுக்குப் பறந்தாரு. ரயிலு ஊத நேரம். பொட்டி பொட்டியாத் தேடி சன்னல் வழியாக் குடுத்திருக்காரு. அந்தாளு வாங்க மாட்டேன்றாரு, இவரு விட மாட்டேன்றாரு. கடைசியில சட்டப் பையில சொருகிட்டு வந்தாராம். அந்த ஆளு கண்ணு கலங்கிக் கும்புட்டாராம். காசு திரும்பக் கிடைச்சா சந்தோசம்தானே.

இந்தக் குடும்பமும் அதே மாதிரி. கண்ணாடிக்கு முன்னால எடுப்பா மடிச்சு வச்சுட்டு மறந்துட்டுப் போயிருக்காக. செலவப் பாத்துப் பாத்துப் பண்ணி மிச்சம் புடிக்கிற சனங்க, அதுக காசு நமக்கு எதுக்கு? இவுக காருல போனதால மச்சானால புடிக்க முடியல. செல்லுல காசு அனுப்புற சுரேஷு கடையில குடுத்து உன் நம்பருக்கு அனுப்பச் சொல்லிட்டேன். கையோட அவுககிட்டச் சேத்துரு. கூடவே, இனிமே கிளம்பையில எல்லாத்தையும் சரிபாத்து எடுக்கச் சொல்லு.

நீ எப்ப வாரே?

உன் அக்கா
ஜோதிமேரி


சென்னை
10.1.2026

அன்பு அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். பணம் வந்தது, அவர்களிடம் சேர்த்துவிட்டேன். இனிமேல் அப்படி ஏதாவது இருந்தால் நீயே வைத்துக்கொள், பரவாயில்லை.

மே மாதம் கட்டாயம் வருகிறோம். ஆஸ்லினிடமும் சொல்லிவிட்டேன். பாப்பா கடலில் குளிக்க வேண்டும் என்று இப்போதே ஆடுகிறாள்.

பிப்ரவரி ஏழாம் தேதி ஒரு குடும்பம் வருகிறது, கோயம்புத்தூர்ப் பக்கம். அசைவம்தான், நீ தாராளமாக மீன் சமைக்கலாம். மச்சானிடம் ஒன்று கேள். சும்மா கரையோரமாகப் படகில் ஒரு சுற்றுக் கூட்டிப்போய் வந்தால் பிள்ளைகள் சந்தோஷப்படும். வெளியில் படகுக்குப் போனால் தலைக்கு இவ்வளவு என்று கேட்கிறார்களாம். நம் வீட்டில் படகு இருக்கும்போது அவர்கள் ஏன் செலவழிக்க வேண்டும்?

அன்புத் தம்பி
ரூபஸ்


தங்கச்சிமடம்
9.2.2026

ரூபஸு,

மூணு தாளக் கிழிச்சுப் போட்டுட்டு இத எழுதுறேன். எழுத்து கோணலாத்தான் வரும்.

கோயம்புத்தூர்க்காரவுக வந்தாக. பாறை மீன் குழம்பு, கணவாய் வறுவல், சோறு எல்லாம் நல்லாச் சாப்புட்டாக. அவுகளக் குத்தஞ்சொல்ல ஒண்ணுமில்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன். இல்லன்னா நான் கோவத்துல எழுதுறேன்னு நினைப்பே. எனக்குக் கோவமே வரல. அதுதான் எனக்கே பயமா இருக்கு.

சாப்புட்டு முடிச்சதும் அந்த ஆளு, "அண்ணே, போட் எத்தன மணிக்கு?"ன்னு உன் மச்சான்கிட்டக் கேட்டாரு. மச்சான் சொன்னாரு: "போட்டெல்லாம் ஏத்த முடியாது தம்பி. இது மீன் புடிக்கிற வள்ளம். டூரு ஆளுகள ஏத்துனது தெரிஞ்சா கடலோரப் போலீசு படகையே புடிச்சு வச்சுக்கும். அதுதான் எங்க கஞ்சி." மரியாதையாத்தான் சொன்னாரு.

அந்த ஆளுக்கு மொகம் மாறிருச்சு. "அதெப்படிண்ணே? போட் ரைடு, மீன் சாப்பாடு எல்லாம் சேத்துத்தானே காசு கட்டியிருக்கோம்?"

நான் அடுப்படியில இருந்தேன். காது சரியாக் கேக்கலன்னு நினைச்சேன். கரண்டியோட வெளிய வந்து, "யாருகிட்டக் கட்டுனீக?"ன்னேன்.

"ஓனர்கிட்ட."

"எந்த ஓனரு?"

அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. செல்லுல தடவித் தடவி எங்கிட்டக் காட்டுச்சு. நம்ம வீடு. நம்ம மாடி ரூமு. நான் வெயில்ல போட்டு எடுக்குற மெத்தை. ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு வாடகை. அதுக்குக் கீழ நான் நிக்கிறேன், சட்டிய ஏந்திக்கிட்டு, பல்லெல்லாம் தெரிய. அந்தப் போட்டாவ நீ எப்ப எடுத்தேன்னு எனக்கு நினைப்பு இருக்கு. பங்குத் திருவிழாவுக்கு வந்தப்ப, "அக்கா இங்கன பாரு, சிரிக்கா"ன்னே. தம்பி எடுக்குறான்னு சிரிச்சேன்டா. யாரோ பாக்குறதுக்குன்னா நான் அப்படிச் சிரிச்சிருப்பேனா?

கீழ என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு: "சமைக்க, வீட்டைப் பார்த்துக்கொள்ள உள்ளூர் தம்பதி உண்டு." உன் மச்சான் பேரும் இல்ல, என் பேரும் இல்ல. நம்ம அய்யா செத்த அன்னைக்கு உன்னத் தோள்ல சாச்சுக்கிட்டு நின்ன மனுசன், உள்ளூரு தம்பதி. அவரு துண்ட எடுத்து மேல போட்டுக்கிட்டு கரைப்பக்கம் போயிட்டாரு.

அதோட முடிஞ்சிருந்தாலும் பொறுத்திருப்பேன். அந்த ஆளு, "இருங்க, ஓனர்கிட்டயே கேக்குறேன்"னு உனக்குப் போன் போட்டு எல்லாருக்கும் கேக்குற மாதிரி வச்சாரு. உன் குரலு கேட்டுச்சு. வாரக்கணக்கா நான் கேக்காத குரலு. ஒரு நிமிசம் எனக்குச் சந்தோசமாக் கூட இருந்துச்சுன்னா நம்புவியா?

நீ சொன்னே: "சாரி சார், அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. படிக்காதவங்க. நான் பேசிச் சரி பண்றேன். தயவுசெஞ்சு ரேட்டிங்ல போட்டுறாதீங்க."

அந்தம்மா.

வாயத் திறந்து "ஏலே, நான்தான்டா"ன்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிக்கு வந்துருச்சு, நான்தான் உள்ள இழுத்துக்கிட்டேன். நான் உன் கூடப்பொறந்தவன்னு அவுகளுக்குத் தெரிஞ்சா உன்னப் பத்தி என்ன நினைப்பாக? உனக்குத்தானே கேவலம்? "ஆமாங்கய்யா, எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். இராமலட்சுமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. ஒரு செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருச்சு.

காலையில கிளம்பையில அந்தப் பொண்ணு என் கையில இருநூறு ரூவாய வச்சு அமுக்குச்சு. நான் பதறிக் கைய இழுத்தேன். "மறந்து வைக்கலம்மா, இது உங்களுக்கு டிப்ஸு. வாங்கிக்கங்க, உங்க ஓனர்கிட்டச் சொல்ல மாட்டோம்"னுச்சு.

அப்பத்தான் எல்லாம் விளங்குச்சு. தலகாணிக்கு அடியில இருந்ததும், கண்ணாடி முன்னால மடிச்சு வச்சிருந்ததும். உன் மச்சான் ரயில் சன்னல்ல சண்ட போட்டுத் திருப்பிக் குடுத்ததும். அந்த ஆளு ஏன் கண்ணு கலங்குனாருன்னும்.

நான் டிசம்பர்ல அனுப்புன காச நீ யாருகிட்டடா சேத்தே?

பதில் போடு.

அக்கா


சென்னை
16.2.2026

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மன்னித்துக்கொள்.

நான் உன்னை ஏமாற்ற வேண்டும் என்று ஆரம்பிக்கவில்லை. முதலில் ரூம் கேட்டது நிஜமாகவே ஒரு ஆபீஸ் கூட்டாளிதான், ஆனால் அவர் வரவில்லை. அவர்தான், "இதை நெட்டில் போட்டால் நல்ல வருமானம்" என்றார். இங்கே வீட்டு லோன், பாப்பா ஸ்கூல் பீஸ் எல்லாம் கழுத்தை நெரிக்கிறது. கொஞ்சம் சேர்ந்ததும் உன் கையில் மொத்தமாகக் கொடுக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். முன்னாலேயே சொன்னால் நீ சம்மதிக்க மாட்டாய். விருந்தாளியிடம் காசு வாங்குவதா என்று என்னையே திட்டுவாய்.

வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. அக்கா என்று போட்டால் வருகிறவர்கள் அதைக் கொண்டா இதைக் கொண்டா என்று கேட்கக் கூச்சப்படுவார்கள், அதனால்தான் அப்படிப் போட்டேன். போன் வந்தபோது ஆபீஸில் இருந்தேன், சுற்றி ஆட்கள். வாய் தவறிவிட்டது. டிசம்பர் காசை நான் கொடுக்கவில்லை. அதுவும் உண்மை.

சுரேஷ் கடைக்குப் பத்தாயிரம் அனுப்பியிருக்கிறேன், வாங்கிக்கொள். இனிமேல் வருவதில் பாதி உனக்கு. மச்சானிடமும் நீயே பேசு, எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்னொன்று அக்கா. இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை ஒரு குடும்பம் வருகிறது, முழுக் காசும் கட்டிவிட்டார்கள். இப்போது வேண்டாம் என்றால் என்மேல் அபராதம் போடுவார்கள். இந்த ஒரு தடவை மட்டும் பார்த்துக்கொள்.

ரூபஸ்


தங்கச்சிமடம்
21.2.2026

ஓனர் ரூபஸ் அவர்களுக்கு,

உங்க கடுதாசி கிடைச்சது. பத்தாயிரமும் சுரேஷ் கடையில வாங்கிக்கிட்டேன்.

திருப்பி அனுப்புவேன்னு நினைச்சிருப்பீங்க. எங்க வீட்டுக்காரரும் அதத்தான் சொன்னாரு, "மூஞ்சில விட்டெறி"ன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். அக்காவா இருந்தா அனுப்பியிருப்பேன். அக்டோபர்ல இருந்து சமைச்சிருக்கேன், துவைச்சிருக்கேன், கக்கூசு கழுவியிருக்கேன். அது என் சம்பளம். எண்ணிப் பாத்து வாங்கி, கடன்ல கிடந்த வலைக்குக் கொஞ்சம் கட்டிட்டு, மிச்சத்துக்கு அரிசி எடுத்துப் போட்டுட்டேன். கூலி வாங்குனா கூச்சமா இருக்கும்னு நினைச்சேன். ஒண்ணும் இல்ல. சோறு எப்பவும் போலத்தான் இறங்குது.

பாதி பங்கு வேண்டாம். சமையல் வேலையில இருந்து நான் நின்னுக்கிறேன்.

இங்கன வந்து போன சனங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. காசு மிச்சம் பண்ணி ஊரு பாக்க வந்தாக, கட்டுன காசுக்குக் கேட்டாக. அவுக யாரும் என்ன ஏமாத்தல. எம்புட்டுக்கு எம்புட்டு குறைச்சலா வாங்கலாம்னு ரயிலேறி வந்தவுக, கிளம்பையில மனசு கேக்காம தலகாணிக்கு அடியில வச்சுட்டுப் போனாக. நெனைக்க நெனைக்க அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

வெள்ளிக்கிழமை வர்றவுகளுக்கு இராமலட்சுமி வீட்டுல இடம் கேட்டிருக்கேன். முன்னறையும் ஒதுக்கித் தரும், சமைச்சும் போடும். வாடகைய நீங்க அதுகிட்ட நேரடியாப் பேசிக்கங்க. அது என்ன மாதிரி இல்ல, அஞ்சு பைசா விடாது. வள்ளத்துல மட்டும் யாரையும் ஏத்தச் சொல்லாதீக. அந்தப் போட்டாவ எடுத்துருங்க.

மாடி ரூமப் பூட்டிட்டேன். மெத்தைய உதறிப் போட்டு, சன்னல் எல்லாத்தையும் சாத்திட்டுத்தான் பூட்டுனேன். சாவி என் முந்தியில இருக்கு. மே மாசம் வாரோம்னு எழுதியிருந்தீங்க. வாடகைக்குன்னா அந்த ரூமு இல்ல. புருசன் பொண்டாட்டி பிள்ளையோட வாசப்படி ஏறி வந்து, மச்சான் மொகத்தப் பாத்துப் பேசிட்டு, அப்புறம் எங்கிட்டக் கேளுங்க.

நீ வந்து கேட்டாத்தான்டா திறப்பேன்.

ஜோதிமேரி